அத்-தபரானின் மூச்சு: சிவப்பு இராட்சத விண்மீன்களின் அதிர்வை அளப்பது எப்படி?

கார்த்திகைக் கூட்டத்தின் பின்னால், அதைத் துரத்திக்கொண்டு வருவது போல, செம்மஞ்சள் நிறத்தில் ஒரு விண்மீன் எழுந்துவரும். அரபிகள் அதற்கு அத்-தபரான் என்று பெயர் வைத்தார்கள். ‘பின்தொடர்வது’ என்று பொருள். கார்த்திகைக் கூட்டத்துக்கு அவர்கள் இட்ட பெயர் துரையா. நம் பெண்பிள்ளைகளுக்குச் சுரையா என்று வைக்கிறோமே, அதே பெயர்தான். தமிழர் அந்தச் செம்மீனை உரோகிணி என்றார்கள். திங்களும் உரோகிணியும் கூடும் நாள் மணவினைக்கு நல்ல நாள் என்பதை அகநானூற்றிலும் சிலப்பதிகாரத்திலும் காண்கிறோம். ஐரோப்பியர் அரபுப் பெயரையே எடுத்து அல்டெபரான் ஆக்கிக்கொண்டார்கள்.

இக்கட்டுரை பெயர்களைப் பற்றியது அல்ல. அந்த விண்மீன் துடிக்கிறது. ஏறக்குறைய ஐந்து நாளைக்கு ஒரு தடவை அதன் மேற்பரப்பு ஏறி இறங்குகிறது. அந்தத் துடிப்பை அளந்து, அதன் திணிவு சூரியனைப்போல் சுமார் 1.16 மடங்கு என்று 2018 இல் வெளியான ஓர் ஆய்வு சொன்னது. 65 ஒளியாண்டுகளுக்கு அப்பால் இருக்கும் ஒரு நெருப்புக் கோளத்தை எந்தத் தராசில் வைத்து நிறுத்தார்கள்?

நான் தமிழ் படித்தவன். விஞ்ஞான ஆசிரியன் அல்லன். ஆனால் வகுப்பில் நட்சத்திரப் பெயர்கள் வருகிற செய்யுளைப் படிப்பிக்கும்போது ஒரு பிள்ளை எழும்பி, “சேர், அதுக்கு உள்ளுக்கு என்ன இருக்குதெண்டு ஆர் போய்ப் பார்த்தது?” என்று கேட்டால், “அது விஞ்ஞான சேரிட்டக் கேளுங்கோ” என்று தட்டிக்கழிக்க மனம் வரவில்லை. கேள்வி சரியான கேள்வி. அதற்கு விடை தேடிப் படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

தட்டிப் பார்த்து அறிவது

சந்தையில் மண்சட்டி வாங்குகிறவர்கள் விரலை மடக்கி ஒரு தட்டுத் தட்டுவார்கள். கணீரென்றால் நல்ல சட்டி. சத்தம் செத்துப்போய் வந்தால் எங்கேயோ கீறல். கண்ணுக்குத் தெரியாத கீறலைக் காது கண்டுபிடிக்கிறது. பலாப்பழத்தையும் தேங்காயையும் நாம் இப்படித்தான் சோதிக்கிறோம்.

றமழான் இரவுகளில் ஸஹருக்கு எழுப்பிவந்த பக்கீர் பாவாமாரின் றபானை நினைத்துப் பாருங்கள். சின்ன றபானின் சத்தம் கூர்மையாக இருக்கும், பெரிய றபான் கனத்த குரலில் பேசும். தோல் தளர்ந்திருந்தால் நெருப்பில் காட்டுவார்கள். தோல் இறுகும், குரல் உயரும். வீட்டுக்குள் படுத்திருக்கிற நாம் றபானைக் காணாமலே அது பெரிதா சிறிதா, தோல் இறுக்கமா தளர்வா என்று சொல்லிவிடலாம். ஒரு பொருளின் அளவும் அதன் உள்நிலையும் அதன் குரலில் இருக்கின்றன. விண்மீன் அதிர்வியல் என்ற துறை முழுவதும் இந்த ஒரே அடிப்படையில்தான் நிற்கிறது.

ஆனால் விண்மீனைத் தட்டுவது யார்? அது தன்னைத்தானே தட்டிக்கொள்கிறது. சூரியனைப் போன்ற விண்மீன்களின் வெளிப்பகுதி, அடுப்பில் கொதிக்கும் சோற்றுப்பானை போல. சூடான வாயு மேலே வரும், ஆறிக் கீழே இறங்கும். இந்த ஓயாத கொந்தளிப்பில் எழும் இரைச்சல் விண்மீனின் உடலுக்குள் ஒலியலையாகப் பரவுகிறது. அதில் விண்மீனின் உடலுக்குப் பொருந்துகிற சில சுரங்கள் மட்டும் தங்கி நிற்கின்றன, மற்றவை அழிந்துபோகின்றன. மழைத்தூறல் ஒரு றபான்மேல் விழுந்தால், துளிகள் ஒழுங்கில்லாமல் விழுந்தாலும் றபான் தன் சொந்தக் குரலில்தானே ஒலிக்கும்? அதே மாதிரி.

விண்வெளியில் காற்று இல்லாததால் அந்த ஒலி நம்மை வந்து சேராது. ஒளி வந்து சேரும். வாயு அமுங்கும்போது சற்றே சூடாகிப் பிரகாசிக்கிறது, விரியும்போது சற்றே மங்குகிறது. ஆகவே ஒளியின் ஏற்ற இறக்கத்தை எழுதிக்கொண்டே போனால், அந்த ஒலியைக் கண்ணால் கேட்கலாம்.

சூரியனில் இது முதலில் பிடிபட்டது. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் ரொபேர்ட் லெய்ற்றனும் அவருடன் சேர்ந்தோரும் சூரியனின் மேற்பரப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை ஏறி இறங்குவதைக் கண்டார்கள்.

ஏன் சிவப்பு இராட்சதர்கள்?

சூரியன் போன்ற ஒரு விண்மீன் தன் நடுவிலுள்ள ஐதரசனை எரித்து ஈலியமாக்கி வாழ்கிறது. நடுவில் ஐதரசன் தீர்ந்ததும் உட்கரு சுருங்கும். அதைச் சுற்றியுள்ள ஓட்டில் ஐதரசன் எரியும். வெளிப்பகுதியோ ஊதிப் பெருத்து, ஆறிச் சிவக்கும். இதுவே சிவப்பு இராட்சத நிலை. நம்முடைய சூரியனுக்கும் இன்னும் ஏறக்குறைய 500 கோடி ஆண்டுகளில் இந்த முதுமை காத்திருக்கிறது. அத்-தபரானின் ஆரை இப்போதே சூரியனைப்போல் நாற்பது மடங்குக்கு மேல்.

பெரிய றபான் தாழ்ந்த குரலில் பேசும் என்றோம். ஒரு கணக்குப் பார்ப்போம். சூரியனின் திணிவே கொண்ட, ஆனால் ஆரை 10 மடங்கான ஒரு சிவப்பு இராட்சதனை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேற்பரப்பில் ஈர்ப்பு நூறில் ஒன்றாகக் குறைந்துவிடும். அதற்கேற்ப அலைவின் வேகமும் குறையும். ஐந்து நிமிடத்தில் முடிந்த ஓர் அலைவு இங்கே ஏறக்குறைய எட்டு மணித்தியாலம் எடுக்கும். இன்னும் பெருத்த அத்-தபரானுக்கு அது ஐந்து நாளாகிவிடுகிறது. குரல் தாழ்ந்தாலும் வீச்சுக் கூடுகிறது. சூரியனின் அலைவில் ஒளி மாறுவது பத்து இலட்சத்தில் சில பங்கு மட்டுமே. சிவப்பு இராட்சதர்களில் அது பல மடங்கு பெரிது. அதனால்தான் தூரத்தில் உள்ளவற்றிலும் அளக்க முடிகிறது.

ஏன் விண்வெளிக்குப் போக வேண்டும்?

பிறை பார்க்கிற மாலையில் மேற்கு வானத்தில் ஒரு துண்டு மேகம் வந்துவிட்டால் நாம் படும் பாடு நமக்குத் தெரியும். விண்மீனின் துடிப்பை எண்ணுகிறவர்களுக்கு ஒவ்வொரு நாளும் அந்தப் பாடுதான். மேகம் இல்லாவிட்டாலும் காலையில் சூரியன் வந்துவிடும். எட்டு மணித்தியாலத்துக்கு ஒரு அலைவு என்றால், ஓரிரவில் ஒன்றைக்கூட முழுமையாகக் காண்பது கஷ்டம். ஒரு பாட்டில் ஒவ்வொரு இரண்டாம் அடியையும் அழித்துவிட்டு மெட்டைக் கண்டுபிடி என்றால் எப்படி? போதாததற்கு, நம் தலைக்கு மேலுள்ள காற்று விண்மீனைச் சிமிட்ட வைக்கிறது. சிறிய ஒளிமாற்றம் அந்தச் சிமிட்டலில் மூழ்கிப்போகும்.

ஆகவே இமை மூடாத ஒரு கண் தேவைப்பட்டது. 2006 டிசம்பர் 27 இல் பிரான்ஸ் முன்னின்று கொரோ என்ற செய்மதியை அனுப்பியது. 2009 மார்ச்சில் அமெரிக்காவின் நாசா கெப்ளர் விண்வெளித் தொலைநோக்கியை அனுப்பியது. கெப்ளரின் முதல் வேலை வேறு: கோள்கள் தங்கள் விண்மீனுக்கு முன்னால் கடக்கும்போது ஏற்படும் சிறு மறைப்பைத் தேடுவது. அதற்காக அது வானத்தின் ஒரே பகுதியை நான்கு ஆண்டுகள் வைத்த கண் வாங்காமல் பார்த்தது. ஒன்றரை இலட்சம் அளவிலான விண்மீன்களின் ஒளியை ஏறக்குறைய அரை மணிக்கு ஒரு தடவை பதிந்தது. ஒரு விண்மீனுக்கு அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அளவீடுகள். கோள் தேடப் போன கருவி, விண்மீன்களின் மூச்சையும் சேர்த்துக் கொண்டுவந்தது.

2013 இல் கெப்ளரின் திசையை நிலைநிறுத்தும் சக்கரங்களில் இரண்டாவதும் பழுதானது. பொறியியலாளர்கள் சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றுகோலாக்கி அதை 2018 வரை வேறு பகுதிகளைப் பார்க்க வைத்தார்கள். அந்த இரண்டாம் வாழ்வில், 2017 இல், அது அத்-தபரானையும் பார்த்தது. நிலத்துத் தொலைநோக்கிகள் நீண்ட காலமாகச் சேர்த்த வேக அளவீடுகளோடு இதையும் சேர்த்தபோதுதான் மேலே சொன்ன ஐந்து நாள் துடிப்பு உறுதியானது.

ஒரு கோட்டிலிருந்து ஒரு தராசு

நான்கு ஆண்டு ஒளிப்பதிவைத் தாளில் வரைந்தால், கிறுக்கல் மாதிரி ஒரு கோடுதான் தெரியும். பல சுரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. அவற்றைப் பிரித்தெடுக்கும் கணித வழியை இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிரெஞ்சு அறிஞர் ஜோசப் பூரியே தந்துவிட்டார். சிக்கலான எந்த அலையையும் எளிய அலைகளின் கூட்டாகப் பிரிக்கலாம் என்பது அவர் வழி. பிரித்ததும், குறிப்பிட்ட மீடிறன்களில் சிகரங்கள் வரிசையாக எழுந்து நிற்பதைக் காணலாம்.

அந்த வரிசையிலிருந்து இரண்டு எண்களை எடுக்கிறார்கள். சிகரங்கள் எந்த மீடிறனைச் சுற்றி மிக உயரமாக நிற்கின்றன என்பது முதலாவது. இது மேற்பரப்பின் ஈர்ப்பையும் வெப்பநிலையையும் பொறுத்தது. சிகரங்களுக்கு இடையிலான ஒழுங்கான இடைவெளி இரண்டாவது. இது விண்மீனின் சராசரி அடர்த்தியைப் பொறுத்தது. ஈர்ப்பும் தெரியும், அடர்த்தியும் தெரியும், நிறமாலையிலிருந்து வெப்பநிலையும் தெரியும் என்றால், பிறகு திணிவையும் ஆரையையும் காண்பது உயர்தரப் பிள்ளைக்குத் தெரிந்த இயற்கணிதம்தான். தராசு இதுதான்.

திணிவு கிடைத்தால் வயதையும் மதிப்பிடலாம். கனமான விண்மீன் தன் எரிபொருளைத் தாராளமாகச் செலவழித்துச் சீக்கிரம் முதுமையடையும். இலேசானது சிக்கனமாக வாழும். ஆகவே ஒரு விண்மீன் இப்போது சிவப்பு இராட்சதனாக நிற்கிறது, திணிவு இவ்வளவு என்றால், அது இந்த நிலைக்கு வர எவ்வளவு காலம் எடுத்திருக்கும் என்று கணக்கிடலாம்.

இந்தத் தராசில் பிழை இல்லையா? உண்டு. அதையும் அவர்களே சோதித்தார்கள். ஒன்றையொன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களின் திணிவை அதிர்வின் உதவியில்லாமல், சுற்றுப்பாதையைக் கொண்டே காணலாம். அப்படிப்பட்ட சில சிவப்பு இராட்சதர்களை இரு வழியிலும் அளந்து 2016 இல் ஒப்பிட்டபோது, அதிர்வுத் தராசு திணிவை ஏறக்குறைய 15 சதவீதம் கூட்டிக் காட்டுவது தெரிந்தது. அதற்குப் பிறகு சூத்திரங்களைத் திருத்தி வருகிறார்கள்.

உட்கருவின் செய்தி

“உள்ளுக்கு ஆர் போய்ப் பார்த்தது?” என்ற கேள்விக்கு நேரடி விடை இனித்தான் வருகிறது.

சிவப்பு இராட்சதர்களில் இரண்டு வகை உண்டு. ஒன்று, உட்கருவைச் சுற்றிய ஓட்டில் மட்டும் ஐதரசன் எரிப்பது. மற்றது, உட்கருவிலேயே ஈலியம் எரிக்கத் தொடங்கிவிட்டது. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே நிறம், ஒரே பிரகாசமாக இருக்கலாம். ஒரே மாதிரி வெள்ளையடித்த இரண்டு வீடுகள். எந்த வீட்டில் அடுப்பு எங்கே எரிகிறது என்று தெருவிலிருந்து தெரியாது. ஆனால் சில அலைவுகள் வெளிப்பகுதியின் ஒலியலையாகவும் உட்கருவின் ஈர்ப்பலைவாகவும் கலந்து நடக்கின்றன. கடல்மேல் எழும் அலை போல, மிதப்பு விசையால் எழுபவை இந்த ஈர்ப்பலைவுகள். ஆகவே உட்கருவின் செய்தி மேற்பரப்புவரை வருகிறது. இந்த அலைவுகளின் காலங்களுக்கு இடையிலான வித்தியாசம் முதல் வகையில் ஏறக்குறைய 50 செக்கன், இரண்டாம் வகையில் 100 முதல் 300 செக்கன் வரை என்று 2011 இல் திமொதி பெடிங் தலைமையிலான குழு கெப்ளர் தரவில் கண்டது. அடுத்த ஆண்டு போல் பெக்கும் குழுவினரும் இத்தகைய விண்மீன்களின் உட்கரு மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுழல்வதைக் காட்டினார்கள்.

இதனால் ஒரு பழைய புதிர் அவிழ்ந்ததில் நம் அயலாருக்குப் பங்குண்டு. இலிதியம் என்ற மூலகத்தை, கைத்தொலைபேசி பற்றரியில் இருக்கிறதே அதைத்தான், விண்மீன்களின் உட்சூடு எளிதில் அழித்துவிடும். அப்படியிருக்கச் சில சிவப்பு இராட்சதர்களில் மட்டும் அது அளவுக்கு மிஞ்சி இருந்தது. தமிழ்நாட்டில் கொடைக்கானல், காவலூர் அவதானிப்பு நிலையங்களை நடத்தும் இந்திய வானியற்பௌதிக நிறுவனத்தின் ஆய்வாளரான ஈஸ்வர் ரெட்டியும் பாரத் குமார் முதலியோரும் 2020 இல் வெளியிட்ட ஆய்வில், சூரியனை ஒத்த விண்மீன்களில் ஈலியம் எரியத் தொடங்கிய பின் இலிதியம் சராசரியாக 40 மடங்கு கூடுவதாகக் காட்டினார்கள். 2021 இல் அதே நிறுவனத்தின் ரகுபர் சிங் முதலியோர், கெப்ளர் பதிவு செய்த அதிர்வுகளைக் கொண்டு, இலிதியம் மிக அதிகமாக உள்ளவை பெரும்பாலும் அண்மையில் ஈலியம் எரிக்கத் தொடங்கியவையே என்று கண்டார்கள். அதிர்வு இல்லாவிட்டால் அந்த வீடுகளுக்குள் எந்த அடுப்பு எரிகிறது என்பதை இவ்வளவு தெளிவாகப் பிரித்தறிந்திருக்க முடியாது.

ஓர் எச்சரிக்கை

நம்முடைய மேடைகளில் சிலர், ‘அத்தாரிக்’ என்ற சொல்லின் வேரில் ‘தட்டுதல்’ என்ற பொருள் இருப்பதைக் காட்டி, துடிவிண்மீன்களைக் குர்ஆன் அன்றே சொல்லிவிட்டது என்று பேசுகிறார்கள். வேர்ப்பொருள் சரிதான். இரவில் வருகிறவர் கதவைத் தட்ட வேண்டியிருப்பதால் அவருக்கு அப்பெயர் வந்தது என்று அரபு மொழியறிஞர் விளக்குவர். ஆனால் 1967 இல் கண்டறியப்பட்ட பல்சார் எனும் துடிவிண்மீன் உண்மையில் துடிப்பதே இல்லை. அது வேகமாகச் சுழலும் நியூத்திரன் விண்மீன். கலங்கரை விளக்கைப் போல அதன் கற்றை நம்மைக் கடக்கும்போது துடிப்பதாகத் தெரிகிறது. விஞ்ஞானம் தன் முடிவுகளைத் திருத்திக்கொண்டே போகும். மேலே சொன்ன 15 சதவீதத்தைப் போல. அதன் வாலில் வேதத்தைக் கட்டிவிட்டால், திருத்தம் வரும்போது எதை அவிழ்ப்பது? வானத்தைப் பார்த்துச் சிந்திக்கச் சொன்ன அழைப்பு நமக்குப் போதும். அளக்கிற வேலை நம் கையில்.

அப்படி அளந்தவர்கள் நம் மரபிலேயே உண்டு. அப்துர் ரஹ்மான் அஸ்-ஸூஃபி 964 அளவில் நிலைத்த விண்மீன்கள் பற்றிய தம் நூலை எழுதியபோது, தொலமியின் பட்டியலை அப்படியே பிரதி பண்ணவில்லை. ஒவ்வொரு விண்மீனின் பிரகாசத்தையும் தாமே பார்த்துத் திருத்தினார். பெயர்களைக் காப்பாற்றியவர் என்று அவரைப் புகழ்கிறோம். மறுபடி பார்த்தவர் என்று புகழ்வது இன்னும் பொருத்தம்.

இனி நம் பிள்ளைகள்

1990 ஒக்டோபரில் நாங்கள் யாழ்ப்பாணத்தை விட்டு வெளியேற்றப்பட்டபோது கையில் எடுத்துவர விடப்பட்டது மிகக் கொஞ்சம். புத்தளத்தில் ஓலைக்கொட்டிலின் முன்னால் விளக்கில்லாத இரவில் ஒரு பெரியவர்தான் எனக்குத் துரையாவையும் தபரானையும் காட்டினார். வீடும் நிலமும் பறிபோகலாம், பெயர்களைப் பறிக்க முடியாது என்பது அப்போது எனக்கு ஆறுதலாக இருந்தது. ஆனால் பெயர் தெரிவதால் மட்டும் அறிவு வளர்ந்துவிடாது என்பது ஆசிரியனான பிறகு விளங்கியது. நம் பிள்ளைகள் அல்டெபரான் அரபுச் சொல் என்று பெருமையாகச் சொல்வார்கள். அதன் திணிவு எப்படித் தெரியும் என்று கேட்டால் முழிப்பார்கள்.

இன்று அளவீட்டையும் அந்தப் பெயரைப்போலக் காசில்லாமல் பெறலாம். கெப்ளரின் முழுப் பதிவும், 2018 ஏப்ரலில் அனுப்பப்பட்ட டெஸ் செய்மதியின் பதிவும் இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கின்றன. டெஸ்ஸின் ஒவ்வொரு கமராவின் வில்லையும் 10.5 சென்றிமீற்றர்தான், ஒரு தேநீர்க் கோப்பையின் வாயைவிடச் சற்றே அகலம். அதன் பதிவைக் கொண்டு 2021 இல் ஒரு குழு ஒரு இலட்சத்து ஐம்பத்தெட்டாயிரம் அதிரும் சிவப்பு இராட்சதர்களை இனங்கண்டது. அவற்றைப் படிக்க லைட்கேர்வ் என்ற இலவச மென்பொருளும் உண்டு. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பம் படிக்கிற ஒரு பிள்ளை, பைதன் மொழி தெரிந்தால், ஒரு பழைய மடிகணினியில் ஒரு விண்மீனின் துடிப்பைத் தானே கண்டுபிடிக்கலாம். நேரே தொலைநோக்கியைப் பார்க்க வேண்டுமென்றால் மொறட்டுவை ஆதர் சி. கிளார்க் நிலையத்தில் 45 சென்றிமீற்றர் தொலைநோக்கி இருக்கிறது.

பள்ளிவாசல் நூலகத்தில் ஒரு கணினியும் இணைய இணைப்பும் வைக்க முடிந்த மஹல்லாக்கள் நம்மிடம் பல உண்டு. விஞ்ஞானம் தெரிந்த ஓர் ஆசிரியர், ஆர்வமுள்ள ஐந்து பிள்ளைகள், வாரத்தில் ஒரு மாலை. தொடங்குவதற்கு இவ்வளவு போதும். முதல் பயிற்சியாக அத்-தபரானின் 2017 பதிவையே எடுக்கலாம். தை, மாசி மாதங்களில் இஷாத் தொழுகை முடிந்து வெளியே வந்தால் அதைத் தலைக்கு மேலே காணலாம். “உள்ளுக்கு ஆர் போய்ப் பார்த்தது?” என்று கேட்ட பிள்ளை அந்தக் கோட்டைத் தன் கையால் வரையட்டும். ஐந்து நாளைக்கு ஒரு ஏற்றம் தெரிகிறதா என்று தானே எண்ணிப் பார்க்கட்டும்.